குழியை மூடுவதற்கு முன்

நடுரோட்டில் குழாய் உடைந்து ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிற நாளில், நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் இருக்கிறவன் உண்மையில் நிம்மதியாக இருக்கலாம். ஊரே போன் போடும். கவுன்சிலர் நேரில் வந்து நிற்பார். நிருபர் படம் எடுப்பார். ஜேசிபி கேட்டவுடன் கிடைக்கும். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்துவிடும். நிமிடத்துக்கு 500 லிட்டர் கொட்டுகிற உடைப்பு 6 மணி நேரம் ஓடினாலும் போவது 1,80,000 லிட்டர், அதோடு சரி.

என் தூக்கத்தைக் கெடுத்ததெல்லாம் வேறு. வீட்டு இணைப்பு பிரிகிற இடத்தில், பென்சில் பருமன்கூட இல்லாத 6 மில்லிமீட்டர் ஓட்டை. குழாயில் 5 மீட்டர் அழுத்தம்தான் இருக்கிறது என்று வையுங்கள். அந்த ஓட்டையில் நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர் போகும். ஒன்று விட்டு ஒரு நாள் 2 மணி நேரம் மட்டுமே தண்ணீர் திறக்கிற ஊரில்கூட, ஒரு முறைக்கு 1,200 லிட்டர். வருஷத்துக்கு 2 லட்சத்தைத் தாண்டும். அதற்கு யாரும் போன் போடமாட்டார்கள். அடுத்த வருஷமும் அது ஓடும், அதற்கடுத்த வருஷமும் ஓடும். அப்படி ஒன்று இரண்டல்ல, தெருவுக்குத் தெரு இருக்கும்.

நான் வேலை பார்த்தது கரிசல் சீமையில் ஒரு சின்ன நகராட்சி. தாமிரபரணியில் உறை கிணறு போட்டு எடுத்து, சுத்திகரித்து, வழியில் பம்பு வைத்துத் தள்ளி, காடு மேடெல்லாம் தாண்டி வருகிற கூட்டுக் குடிநீர். ஆயிரம் லிட்டரை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏட்டுக் கணக்குப்படியே 0.27 யூனிட் மின்சாரம் வேண்டும். பம்பு, மோட்டார் திறனெல்லாம் கழித்தால் 0.4 ஆகிவிடும். குழாய்க்குள் உரசிப் போகிற அழுத்தம் அதற்கு மேல். இத்தனையும் கடந்து ஊருக்குள் வந்த தண்ணீர், வாசலுக்கு மூன்றடி இந்தப் பக்கம் மண்ணுக்குள் இறங்கிப் போகிறது. ஆற்றங்கரையில் ஒழுகினாலும் பரவாயில்லை. முழுச் செலவும் செய்த பிறகு ஒழுகுவதுதான் வயிற்றெரிச்சல்.

கரிசல் மண்ணைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மழையில் ஊதும், கோடையில் சுருங்கும். சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். அதற்குள் கிடக்கிற குழாயை வருஷா வருஷம் தூக்கும், இறக்கும், இழுக்கும். பழைய ஏ.சி. (ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட்) பைப்புக்கு இந்த இழுவை தாங்காது. நடுவில் வளையமாக முறிந்துவிடும், இல்லையென்றால் கப்ளிங் விலகும். பி.வி.சி. முறியாது, ஆனால் இணைப்பில் பிடுங்கிக்கொள்ளும். குழி வெட்டும்போதே கூடுதலாக அரையடி எடுத்து, கீழேயும் பக்கவாட்டிலும் மணலோ கிராவலோ போட்டு, அதன் நடுவே குழாயைக் கிடத்தினால் பாதிச் சங்கடம் தீரும். எஸ்டிமேட்டில் மணல் எப்போதும் இருக்கும். குழியில் இருக்கிறதா என்று பார்க்கக் காலை ஏழு மணிக்கே போய் நிற்க வேண்டும். பத்து மணிக்குப் போனால் கரிசலை அப்படியே தள்ளி மூடியிருப்பார்கள்.

இதே மண்ணின் இன்னொரு குணம், கசிவை வெளியே காட்டாது. செம்மண் ஊர்களில் கொஞ்ச நேரத்தில் ரோட்டில் ஈரம் தெரியும். இங்கே கோடை வெடிப்புகள் எல்லாவற்றையும் குடித்துவிடும். குடித்தது வெடிப்பு வழியாகவே ஓடி எங்கோ ஒரு சாக்கடைச் சுவர் இடுக்கில் போய் விழும்.

ஆனால் மண்ணை மட்டும் குற்றம் சொன்னால் அது தப்பித்துக்கொள்ளும் பேச்சு. பெரிய குழாயில் தெருவுக்கு ஒரு இணைப்பு வரலாம். வீட்டு இணைப்பு வாசலுக்கு வாசல் வருகிறது. ஒவ்வொன்றும் நல்ல குழாயில் நாமே போடுகிற ஓட்டை. அதை எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தால் ஊரின் தண்ணீர்க் கணக்கு புரிந்துவிடும். கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, பி.வி.சி. மேல் வைத்து அழுத்தினால் பொசுங்கி ஓட்டை விழும். அது வட்டமாகவும் இருக்காது, ஓரம் உருகி மடிந்தும் கிடக்கும். அதற்குள் அரை அங்குலக் குழாயைத் திணித்து, சைக்கிள் டியூப்பைக் கிழித்துச் சுற்றி, கட்டுக்கம்பியால் முறுக்கினால் இணைப்பு கொடுத்தாயிற்று. பத்து நிமிஷ வேலை. அனுமதி வாங்காத இணைப்புகள் மட்டுமல்ல, பணம் கட்டி ரசீது வைத்திருக்கிற வீடுகளிலும் தோண்டிப் பார்த்தால் இந்த டியூப் கட்டு கிடக்கும். ரப்பர் ஒரு கோடையில் வெடித்துவிடும்.

முறையாகச் செய்தால் முக்கால் மணி நேரம் பிடிக்கும். முதலில் குழாயைச் சுற்றி நாலு விரற்கடை மண்ணை எடுத்து, துணியால் துடைக்க வேண்டும். மண் ஒட்டிய குழாயில், இணைப்பைத் தாங்குகிற சேடில் பட்டை உட்காராது. ரப்பர் வளையம் பள்ளத்தில் சரியாகப் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, சேடிலின் போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். ஒரு பக்கம் முழுக்க முடுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கோணும். பிறகு கட்டர் போட்டுத் துளைக்க வேண்டும். துளைத்தெடுத்த வட்டத் துண்டை வெளியே எடுத்தாக வேண்டும். உள்ளே விழுந்தால் அது உருண்டு போய் யாருடைய மீட்டரிலாவது அடைத்துக்கொள்ளும். எங்கள் பிட்டர் அண்ணாச்சி ஒருவர் அந்தத் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சாயங்காலம் அலுவலகத்தில் மேசை மேல் கொட்டி, "இன்னைக்கு எத்தனை கனெக்‌ஷன்னு எண்ணிக்கோங்க சார்" என்பார். அவர் கணக்குக்கு அதுதான் ரிஜிஸ்டர்.

துளையில் ஃபெருல் என்கிற இணைப்புத் திருகை முடுக்கிய பிறகு வீட்டுக்குப் போகிற குழாயை விறைப்பாக இழுத்துப் பிடிக்கக் கூடாது. கரிசலில் கொஞ்சம் நெளித்து, தளர்வாகவே கிடத்த வேண்டும். மண் அசையும்போது அந்தத் தளர்வு இழுபடும், ஃபெருல் பிடுங்காது. இதற்காகவே ஜி.ஐ. பைப்பை விட நீல நிற எம்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாய் நல்லது என்று நான் வாதாடியிருக்கிறேன். ஜி.ஐ. எங்கள் மண்ணின் உப்பில் சில வருஷத்திலேயே சல்லடையாகிவிடும். "இரும்புதான் உறுதி" என்று வீட்டுக்காரர்கள் சொல்லும்போது மறுத்துப் பேசிப் பயனில்லை. தோண்டி எடுத்த ஒரு துருப்பிடித்த துண்டை ஜீப்பில் வைத்திருந்தேன். அதைக் கையில் கொடுத்துவிடுவேன்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு விஷயம் பாக்கி. குழி வெட்டுவது பகலில். தண்ணீர் திறப்பது விடியற்காலை நாலு மணிக்கு, அதுவும் நாளை மறுநாள். பகலில் குழாய் வெறுமையாகக் கிடக்கும். காலிக் குழாயில் போட்ட எந்த இணைப்பும் ஒழுகாது. ஒப்பந்தக்காரர் பன்னிரண்டு மணிக்குக் குழியை மூடி, ஒரு மணிக்குப் போட்டோ எடுத்து, பில்லோடு வந்துவிடுவார். தண்ணீர் திறக்கிற விடியற்காலையில் மண்ணுக்குள் நடப்பதை யாரும் பார்ப்பதில்லை. முறை வைத்துத் தண்ணீர் விடுகிற சின்ன ஊர்களில் கசிவு இவ்வளவு பெருகியதற்கு என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். வேலை செய்கிற நேரமும் தண்ணீர் ஓடுகிற நேரமும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

அதனால் நான் வைத்த ஒரே கெடுபிடி, தண்ணீர் வந்து பார்க்காமல் குழியை மூடக் கூடாது என்பது. சுற்றிலும் கயிறு கட்டி, சிவப்புத் துணி போட்டு, தண்ணீர் திறக்கிற வரை திறந்தே வைக்க வேண்டும். வசவு நிறைய வரும். வாசலில் குழி கிடந்தால் பைக்கை எங்கே நிறுத்துவது? "ஒரு நாளைக்கு ரெண்டு தெருவு அளவுக்கு முடிச்சுட்டிருந்தோம், இப்ப பாதிகூட ஓடல சார்" என்று ஒப்பந்தக்காரர் மேலிடத்தில் புகார் சொன்னார். சொல்லட்டும். விடியற்காலை டார்ச் அடித்துப் பார்க்கும்போது பாதிக் குழிகளில் சேடில் ஓரம் முத்து முத்தாகத் துளிர்த்திருக்கும். அரைச் சுற்று முடுக்கினால் நின்றுவிடும். அந்த அரைச் சுற்றை மண் மூடிய பிறகு கொடுக்க வேண்டுமென்றால் திரும்பவும் ஒரு நாள் கூலி, ஒரு ரோடு வெட்டு.

முறைத் தண்ணீரின் தொல்லை கசிவோடு நிற்பதில்லை. அழுத்தம் குறைந்த பள்ளத் தெருக்களைப் பார்த்திருப்பீர்கள். வாசல் ஓரம் இரண்டடி ஆழத்துக்குக் குழி தோண்டி, அதற்குள் குழாயைத் தாழ்த்தி, பெண்கள் இறங்கிக் குடத்தை வைத்துப் பிடிப்பார்கள். வசதியானவர்கள் குழாயில் நேரே மோட்டாரை மாட்டி உறிஞ்சுவார்கள். வால்வை மூடியதும் பெரிய குழாயில் தண்ணீர் வடிந்து உள்ளே வெற்றிடம் பிறக்கும். அப்போது குழியில் தேங்கிய அழுக்கும், சாக்கடையை ஒட்டிப் போகிற இணைப்பின் ஓட்டையும் எதிர்த்திசையில் வேலை செய்யும். தண்ணீர் வெளியே போன அதே வழியில் சாக்கடை உள்ளே வரும். மறுமுறை திறக்கும்போது முதல் பத்து நிமிஷம் கலங்கலாக வருவதும், வயிற்றுப்போக்கு ஒரே தெருவில் கொத்தாக வருவதும் இதனால்தான். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. தொட்டியில் எவ்வளவு கொட்டினாலும் ஓட்டைக் குழாயில் அது நிற்காது. சுகாதார ஆய்வாளர் பிளீச்சிங் பவுடரைக் கூட்டச் சொல்வார். நான் மண்வெட்டியைக் கேட்பேன்.

கசிவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி இல்லையே என்று பல ஊர்களில் கை கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். மேல்நிலைத் தொட்டியை விடப் பெரிய மீட்டர் எது? 12 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் இறங்கினால் சுமார் 1,130 லிட்டர் போயிருக்கிறது. அளவுகோல் எழுதிய ஒரு பட்டையும், ஏணியில் ஏறப் பயப்படாத ஒரு ஆளும் போதும். தொட்டியை நிரப்பிக்கொண்டு, அந்தப் பகுதிக்கு வழக்கம்போலத் தண்ணீர் விட்டு, எல்லாரும் பிடித்து முடித்த பிறகு வால்வை மூடாமல் அப்படியே விட வேண்டும். ஆட்டோவில் மைக் கட்டி, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் குழாயை மூடி வைக்கச் சொல்லிவிட வேண்டும். திருகே இல்லாத குழாய்களுக்கு முந்தின வாரமே நாமே திருகு மாட்டிவிடுவது நல்லது. அந்தச் செலவைத் தணிக்கையில் கேட்டால் நான் பதில் சொல்கிறேன்.

பிறகு காத்திருக்க வேண்டும். இரண்டு மணிக்கு மேல் ஊரில் ஒரு சொட்டு எடுப்பவர் இல்லை. அப்போதும் மட்டம் இறங்கிக்கொண்டே இருந்தால், இறங்குவது எல்லாம் மண்ணுக்குத்தான். மணிக்கு 4 சென்டிமீட்டர் இறங்குகிறது என்றால் 4,500 லிட்டர். அடுத்து ஒவ்வொரு தெரு வால்வாக மூடிக்கொண்டே வர வேண்டும். எந்த வால்வை மூடியதும் இறக்கம் சட்டென்று குறைகிறதோ, அந்தத் தெருவில் வேலை இருக்கிறது. இந்த முறையைப் பாடப்புத்தகங்கள் இரவு நேரக் குறைந்தபட்ச ஓட்டம், படிப்படியான சோதனை என்றெல்லாம் சொல்கின்றன. நாங்கள் 'தொட்டி காக்கிறது' என்போம்.

தெரு தெரிந்த பிறகு காதுக்கு வேலை. முனை கூரான இரும்புக் கம்பி, மேல் முனையில் மரக்கட்டை. வால்வின் தண்டிலோ ஃபெருலிலோ கம்பியை ஊன்றி, கட்டையில் காதை வைக்க வேண்டும். காஸ்ட் அயர்ன் குழாயில் சத்தம் தூரத்திலிருந்தே வரும். சின்ன ஓட்டை 'உஸ்' என்று கூர்மையாகச் சீறும். பெரியது மந்தமாக உறுமும். பி.வி.சி. சத்தத்தை விழுங்கிவிடும், நாலைந்து அடிக்கொரு இடத்தில் ஊன்றிப் பார்க்க வேண்டியிருக்கும். டிரான்ஸ்பார்மர் இரைச்சல் ஏமாற்றும். நாய் குரைத்தால் அந்த நேரத்துக்கு வேலை நின்றது. ராத்திரி ரெண்டரை மணிக்கு வாசலில் கம்பியோடு குனிந்திருக்கிறவனைப் பார்த்துக் கதவைத் திறந்து "யாருய்யா அது?" என்று அதட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்லவே தனியாக ஒரு ஆள் வேண்டும்.

சாக்கடையில் ஓடுவது நம் தண்ணீரா, ஊற்றா என்ற சண்டை அடிக்கடி வரும். கரிசலில் அதற்கு ஒரு வசதி இருக்கிறது. எங்கள் நிலத்தடி நீர் உப்பு, ஆற்றுத் தண்ணீர் சப்பென்று இருக்கும். கரைந்த உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் பையில் இருக்கும்; அதை விட்டுப் பார்த்து, சில நூறுக்குள் காட்டினால் அது தாமிரபரணி. ஆயிரத்தைத் தாண்டினால் ஊற்று. குளோரின் சொட்டு மருந்து விட்டு மஞ்சளானாலும் நம்முடையதுதான். மஞ்சளாகவில்லை என்பதை மட்டும் வைத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது, சாக்கடை குளோரினைத் தின்றுவிடும். இதைவிட எளிய வழி, தண்ணீர் திறந்த ஒரு மணி நேரத்தில் தெருச் சாக்கடை ஓரமாக நடந்து போவது. கறுப்புத் தண்ணீருக்கு நடுவே ஒரு இடத்தில் மட்டும் தெளிவாக இழை ஓடும்.

2008-இல் மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் வெளியிட்ட சேவை அளவுகோல்களில், கணக்கில் வராத தண்ணீர் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. மத்திய அரசின் அம்ருத் திட்டத்திலும் அதே இலக்குதான். சின்ன ஊர்களின் அறிக்கைகளில் இந்த இடத்தில் ஒரு எண் இருக்கும். ஊருக்குள் எவ்வளவு வருகிறது என்பதற்கே ஓடுகிற மீட்டர் இல்லாத ஊரில் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு ஆளுக்கு 70 லிட்டர், இருக்கிற ஊருக்கு 135 லிட்டர் என்று மத்திய அரசின் 1999 குடிநீர்க் கையேடு சொன்னது. 70 லிட்டர்காரன் மூன்றில் ஒன்றை இழந்தால் அவனுக்கு மிஞ்சுவது இரண்டு குடம் குறைவான வாழ்க்கை. அதற்கு மருந்தாக எல்லாக் கட்சிக்காரர்களும் கேட்பது இன்னொரு கூட்டுக் குடிநீர்த் திட்டம். புதுத் திட்டத்துக்குக் கல்வெட்டு உண்டு. ஃபெருல் மாற்றியதற்குக் கல்வெட்டு வைக்க முடியாது. புதுத் தண்ணீர் வந்து அழுத்தம் கூடியதும் பழைய ஓட்டைகள் இன்னும் வேகமாக ஒழுகும் என்பதை நான் கூட்டத்தில் சொன்னபோது, அவநம்பிக்கை பேசுகிறேன் என்றார்கள்.

24 மணி நேரக் குடிநீரும் அப்படித்தான். அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மகாராஷ்டிரத்தில் கராட் பக்கத்திலுள்ள மல்காப்பூர் ஒரு சின்ன ஊர். வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்து அதைச் செய்து காட்டியிருக்கிறது. கம்போடியாவின் நாம்பென் நகரில் 1993-இல் 72 சதவீதம் வீணாகிக்கொண்டிருந்தது. எக் சோன் சான் அந்நகரக் குடிநீர் அமைப்பின் பொறுப்பேற்றுக் குழாயை மாற்றி, மீட்டர் வைத்து, கட்டணம் கட்டாத பெரிய மனிதர்களின் இணைப்பையும் துண்டித்து, அதை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவந்தார். 2006-இல் மகசேசே விருது பெற்றார். ஆனால் இணைப்புகளைச் சரிசெய்யாமல் நம் ஊர்க் குழாயில் 24 மணி நேரமும் அழுத்தம் வைத்தால், நான் முதலில் சொன்ன அந்த ஒற்றை ஓட்டையில் வருஷத்துக்கு 52 லட்சம் லிட்டர் போகும். தொட்டி மதியத்துக்குள் வறண்டுவிடும்.

வீட்டு மீட்டர் விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. முறைத் தண்ணீர் ஓடுகிற வரைக்கும் வீட்டு மீட்டர் வீண். வால்வைத் திறந்ததும் முதலில் வருவது காற்று. மீட்டர் அதற்கும் சுற்றும். மக்களுக்கு அது தெரியும், ஆத்திரப்படுவார்கள், நியாயம்தான். முதலில் ஊர் வாசலில் ஒன்று, தொட்டிக்குத் தொட்டி ஒன்று என்று பெரிய மீட்டர்கள் ஓட வேண்டும். அவற்றைத் தினமும் ஒரே நேரத்தில் ஒரே ஆள் படித்து எழுத வேண்டும். தொட்டியின் வழிவுக் குழாயைச் சாக்கடைக்குள் மறைத்து விடாமல், கண்ணுக்குத் தெரியும்படி ரோட்டோரம் கொட்ட விட வேண்டும். ஆபரேட்டர் தூங்கினால் டீக்கடைக்காரர் எழுப்பிவிடுவார்.

வால்வு திறக்கிற டர்ன்காக் வேலையும் கவனிப்பாரில்லாத வித்தை. மேட்டுத் தெருவுக்கு முழுக்கத் திறக்கணும், பள்ளத் தெருவுக்கு ஆறு சுற்று, பள்ளிக்கூடத் தெருவுக்கு எட்டு என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். அவசரமாகத் திறந்தால் அடைபட்ட காற்று தண்ணீரை அறைந்து, எங்கோ ஒரு கப்ளிங் தெறிக்கும். ஒருவர் ஓய்வு பெற்ற மாதத்தில் அந்தப் பகுதியில் உடைப்புகள் வரிசையாக வந்தன. அதன் பிறகு எல்லா வால்வுக்கும் சுற்றுக் கணக்கை ஒரு நீளமான நோட்டில் எழுத வைத்தேன். எழுதும்போது அவர்களுக்குள்ளேயே சண்டை: "ஆறு இல்லண்ணே, கோடையில அஞ்சரை."

இப்போது பேவர் பிளாக்கும் சிமெண்ட் ரோடும் தெருவுக்குத் தெரு வருகிறது. வால்வுச் சேம்பர் மூடியின் மேலேயே கான்கிரீட் கொட்டிவிட்டுப் போகிறார்கள். சிமெண்ட் ரோடு போட்ட பிறகு கீழே ஒழுகினால் அதைக் கண்டுபிடிக்கிறவன் பிறக்க வேண்டும். ஆகவே ரோட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே பட்டியல் வாங்கி, அந்தத் தெருக்களின் வீட்டு இணைப்புகளை முழுக்க மாற்றிவிட வேண்டும். நன்றாக இருக்கிற மாதிரித் தெரிகிறதையும் விட்டுவைக்கக் கூடாது. இந்த வேலைக்குப் பழைய பில்களில் பணம் கொடுத்தது குழாய் ஒரு மீட்டர் நீளத்துக்கு இவ்வளவு, இணைப்புக்கு இவ்வளவு என்று. நான் கடைசியாகப் போட்ட ஒப்பந்தத்தில் இணைப்புத் தொகையில் ஒரு பங்கை நிறுத்தி வைத்து, தண்ணீர் ஓடும்போது குழி திறந்திருக்கிற படமும், ஒரு மாதம் கழித்துத் தொட்டி காத்த கணக்கும் வந்த பிறகே கொடுப்பது என்று எழுதினேன். முதல் அறிவிப்புக்கு ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. இரண்டாவதில் ஒருவர் வந்தார். பக்கத்து ஊர்க்காரர், பழைய பிட்டரின் மகன். பேச்சு எதுவுமில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, ராத்திரிக்கு டார்ச்சும் கயிறும் யார் வாங்கிக் கொடுப்பது என்று மட்டும் கேட்டார்.